முதுகுக்குக் கேட்கிற வண்டி

மாசி மாதத்தில் ஒரு திங்கள்கிழமை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில், எங்கள் தலைமையாசிரியர் வேங்கடேசன் சார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் எந்த மாணவரும் எலக்ட்ரிக் வண்டியில் பள்ளிக்கு வரக்கூடாது என்று அறிவித்தார். வேகமாகப் போகிற வண்டி, மெதுவாகப் போகிற வண்டி, லைசென்ஸ் வேண்டியது, வேண்டாதது என்ற பிரிவெல்லாம் கிடையாது. எதுவும் கூடாது. மீறி வந்தால் சாவி வாட்ச்மேனிடம் போய்விடும். பெற்றோர் வந்துதான் திரும்ப வாங்க வேண்டும்.

என் பெயர் வெண்ணிலா. அப்போது பதினொன்றாம் வகுப்பு, கணிதப் பிரிவு. ஒலக்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரிலிருந்து திண்டிவனத்துக்குப் படிக்க வந்துகொண்டிருந்தேன். ஒரு வழிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ் சாயங்காலம் நாலரைக்குத் திண்டிவனத்தை விட்டுக் கிளம்பிவிடும். அடுத்த பஸ் எட்டு மணிக்கு. பள்ளியில் சிறப்பு வகுப்பு முடிவதோ ஆறு மணிக்கு. முதல் பஸ் எனக்காக நிற்காது, இரண்டாவது பஸ்ஸுக்காக நான் நிற்க முடியாது. இந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான் அம்மா போன ஆடியில் விழுப்புரம் போய் அந்த ஸ்கூட்டரை வாங்கி வந்தார். வெள்ளை நிறம், சின்னச் சக்கரம், வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் ஏறும். அரை மணி நேரத்தில் வீடு.

தடை வந்த வாரம் அரசு கொடுத்த சைக்கிளில் போனேன். போகும்போது பரவாயில்லை. வரும்போது எதிர்காற்று. ஊர் எல்லைக்கு வருவதற்குள் நன்றாக இருட்டிவிடும். அங்கே அம்மா டார்ச் லைட்டோடு நின்றுகொண்டிருப்பார். அம்மா பெயர் சித்ரா. ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டார்.

"தெனம் இந்த டார்ச்ச புடிச்சிக்கினு நிக்க என்னால ஆவாது. வண்டி இல்லன்னா டி.சி. வாங்கிக்கினு பக்கத்து ஊர் ஸ்கூலுக்கே வந்துடு."

பக்கத்து ஊர்ப் பள்ளியில் கணிதப் பிரிவு இல்லை. அங்கே சேர்ந்தால் வேறு பிரிவில் மறுபடியும் பதினொன்றாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். வண்டி போனால் கணிதம் போய்விடும். கணிதம் போனால், மின் பொறியியல் படிப்பது என்று நான் எட்டாம் வகுப்பில் செய்த முடிவும் போய்விடும். எனக்கு அந்த முடிவை விடும் எண்ணம் இல்லை. அதனால் சனிக்கிழமை காலை வண்டியின் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வேங்கடேசன் சாரின் அறைக்குப் போனேன்.

என் வாதம் தெளிவாக இருந்தது. என்னுடையது இருநூற்றைம்பது வாட் மோட்டார். கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டாது, கன்ட்ரோலர் விடாது. அப்படிப்பட்ட வண்டியை மோட்டார் வாகனமாகவே சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் லைசென்ஸ் கேட்பதில்லை. நன்றாக மிதிக்கிற ஒரு பையன் சைக்கிளிலேயே அந்த வேகத்தைத் தொட்டுவிடுவான். சைக்கிளுக்குத் தடை இல்லாதபோது இதற்கு மட்டும் எப்படித் தடை? நான் ஹெல்மெட் போட்டுக்கொள்கிறேன், ஆளை ஏற்றுவதில்லை. இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

சார் சான்றிதழை முழுவதும் படித்தார். கிண்டல் செய்யவில்லை. அவர் கேட்டது வேறு.

"வேகத்த பத்தி நீ சொல்றதெல்லாம் சரிம்மா. உங்க ஊரு சவுரியம்மா மேல வண்டி மோதவே இல்ல, தெரியுமில்ல? பக்கத்துல வந்தது தெரியாம பதறி விழுந்துதான் கை ஒடஞ்சிருக்கு. சத்தத்துக்கு என்னா பதில் வச்சிருக்க?"

நான் வேகத்துக்குத்தான் தயாராகி வந்திருந்தேன்.

அவர் தன் பக்கத்தையும் சொன்னார். இன்னொருவர் விழுந்து தலையில் அடிபட்டால் ஊர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்போது இருபத்தைந்து கிலோமீட்டர் என்ற கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள். சத்தத்துக்கு ஒரு வழி சொல்லிக்கொண்டு வா, அதுவரை தடை தடைதான் என்று சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார். கதவை அவர் முழுதாகச் சாத்தவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சவுரியம்மாள் விழுந்த கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது புரிய வேண்டுமென்றால் எங்கள் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாசி பங்குனியில் எங்கள் பக்கம் உளுந்து அறுவடை. செடியை வேரோடு பிடுங்கி, காயவைத்து, தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ், லாரி, டிராக்டர் எல்லாம் அதன்மேல் ஏறிப் போகும். காய்ந்த நெற்று சக்கரத்துக்கு அடியில் வெடித்து உளுந்து கீழே உதிரும். கல்லும் கட்டையும் கொண்டு அடிக்க வேண்டிய வேலையைப் போகிற வருகிற வண்டிகள் செய்து கொடுத்துவிடும். சாலையில் தானியம் போடக்கூடாது என்று எழுதிய பலகை ஒன்று இருக்கிறது. அதன் காலில்தான் தார்ப்பாயைக் கட்டிவைப்பார்கள்.

ஆனால் அடியில் இருக்கும் செடி மேலே வர வேண்டும். இல்லாவிட்டால் ஒரே செடிதான் மறுபடி மறுபடி நசுங்கும். அதற்காக இரண்டு மூன்று பெண்கள் கவைக்கோலோடு சாலையிலேயே நிற்பார்கள். கவைக்கோல் என்பது நுனியில் இரண்டாகப் பிரிந்த நீளமான கம்பு. அதை விட்டுச் செடியைப் புரட்டுவார்கள். வண்டி வந்தால் ஓரத்துக்கு ஒதுங்குவார்கள், போனதும் திரும்ப நடுவுக்கு வருவார்கள். குனிந்து வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு வண்டிக்கும் நிமிர்ந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. அவர்கள் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். கோயில் வளைவில் பஸ் கியர் மாற்றும் சத்தம் வந்தால் இன்னும் இரண்டு புரட்டுக்கு நேரம் இருக்கிறது. டிராக்டர் என்றால் நாலு. பைக் என்றால் உடனே ஒதுங்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு பிரவீன்குமாரும் என் மாதிரியே ஒரு வண்டி வைத்திருக்கிறான். அவன் அன்று தன் அத்தை வீட்டுக்காக எங்கள் ஊர் வழியாக வந்தான். ஆட்கள் தன்னைப் பார்த்துவிட்டார்கள், ஒதுங்குவார்கள் என்று அவன் நினைத்தான். எந்த வண்டியும் வரவில்லை என்று சவுரியம்மாள் நினைத்தார். அவன் கைக்கெட்டும் தூரத்தில் கடந்தபோது அவர் பதறித் துள்ளினார். காலடியில் உதிர்ந்து கிடந்த உளுந்து உருண்டது. வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு உடைந்தது. உளுந்துக்குச் சொந்தக்காரரான அப்பாதுரை பெரியப்பா அடுத்த நாளே பள்ளிக்குப் போய்ச் சத்தம் போட்டார். தடை அங்கிருந்துதான் வந்தது.

எங்கள் வண்டிக்கு ஏன் சத்தம் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த பாடம். பெட்ரோல் வண்டி ஓடுவதே வெடித்துத்தான். உள்ளே குட்டிக் குட்டியாக வெடித்துக்கொண்டே இருந்தால்தான் சக்கரம் சுற்றும். சத்தம் அதற்குக் கூடப் பிறந்தது. எங்கள் வண்டியில் பின் சக்கரத்தின் நடுவே தடித்த வட்டு ஒன்று இருக்கும். அதுதான் மோட்டார். உள்ளே அசையாத கம்பிச் சுருள்கள், வெளியே சக்கரத்தோடு சுற்றுகிற காந்தங்கள். மின்சாரம் போகிற சுருள் தானும் காந்தமாகிப் பக்கத்தில் இருக்கும் சக்கரக் காந்தத்தை இழுக்கும். அது வந்து சேர்வதற்குள் அந்தச் சுருள் அணைந்து அடுத்த சுருளுக்கு மின்சாரம் போகும். கன்றுக்குட்டிக்கு முன்னால் புல்லைக் காட்டிக்கொண்டே நடப்பது மாதிரி. கன்று வந்துகொண்டே இருக்கும், புல் நகர்ந்துகொண்டே இருக்கும். இதில் எதுவும் எதன்மேலும் இடிக்கவில்லை. அப்புறம் சத்தம் எங்கிருந்து வரும்? இந்த மௌனத்தை நான் பெருமையாக நினைத்திருந்தேன். குனிந்து நிற்கிற ஒருவருடைய முதுகுக்கு அது என்ன என்று யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். வண்டி வாங்கிய கடைக்காரரிடம் ஓடும்போது சத்தம் வருகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். வாங்குகிறவர்கள் எல்லாம் சத்தம் இல்லாததற்காகத்தான் வாங்குகிறார்கள் என்று சிரித்தார். பிறகு லோடு ஆட்டோவுக்குப் பொருத்துகிற ஒரு பஸ்ஸரை எடுத்துக் கொடுத்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது பீம், பீம் என்று கத்துமே, அது. வீட்டுக்கு வந்து ஹெட்லைட்டுக்குப் போகிற ஒயரிலிருந்து இணைப்பு எடுத்து, ஒரு சுவிட்சும் வைத்து, முன்பக்கம் கட்டினேன். வேலை சுத்தமாக இருந்தது. சுவிட்சைப் போட்டுக்கொண்டு உளுந்து கிடந்த சாலைக்கு ஓட்டிப் போனேன்.

மூன்று பெண்கள் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். பீம், பீம் என்று கேட்டதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். நிமிர்ந்து, எனக்கு எதிர்ப்பக்கம், ரைஸ்மில் வாசலைப் பார்த்தார்கள். அங்கேதான் லாரிகள் பின்னால் எடுக்கும். அதில் ஒருவர் பழக்கத்தில் கையைத் தூக்கி, "வரலாம், வரலாம், வா, வா, ஹோல்டு" என்று இல்லாத லாரிக்கு வழி காட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து நேராக என் வண்டிக்கு முன்னால் வந்துவிட்டார். இரண்டு பிரேக்கையும் அழுத்தி நிறுத்தினேன். சத்தம் இல்லாமல் போயிருந்தால்கூட அவர் நின்ற இடத்திலேயே நின்றிருப்பார். என் கருவி ஆளைச் சக்கரத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

அங்கேயே சுவிட்சை அணைத்துவிட்டு, நான் முதலில் போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போனேன். சவுரியம்மாள் வீடு எங்கள் தெருவிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் நான் போனதில்லை. அவர் எங்கள் நிலத்துக்குக் களை எடுக்க வந்திருக்கிறார். நாங்கள் அங்கே போனதில்லை, அவ்வளவுதான்.

மாவுக்கட்டுப் போட்ட கையைத் துண்டில் தொங்கவிட்டபடி வாசலில் உட்கார்ந்து, இடது கையால் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரிக்க முயன்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கோழி உரித்ததையெல்லாம் தின்றுகொண்டிருந்தது. நான் உட்கார்ந்து உரித்துக் கொடுத்தபடியே வந்த காரியத்தைச் சொன்னேன். தடை, அம்மா சொன்னது, டி.சி., எல்லாவற்றையும். பஸ்ஸர் கதையைச் சொன்னபோது அவர் சிரித்ததில் கோழி ஓடிவிட்டது.

தடை என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

"நான் எங்க, பாப்பா, வண்டிய நிறுத்தச் சொன்னேன்? சத்தம் இல்லாம வர்றானுங்கன்னு சொன்னேன். அத உங்க பெரியப்பா ஸ்கூல்ல போயி வேற மாதிரி சொல்லிக்கினு வந்துட்டாரு. என்னை யாரு கேட்டா?"

"அப்ப ஹாரன் அடிச்சிக்கினே வந்தா போதுமாக்கா?"

"ஹாரன் அடிச்சா நவுருன்னு அர்த்தம். எப்ப நவுரணும்னு எனக்குத் தெரியும். நீ எவ்ளோ தூரத்துல வர்ற, எவ்ளோ ஓட்டத்துல வர்றேன்னு என் முதுவுக்குத் தெரியணும். அவ்ளோதான்."

எனக்குள் ஏதோ ஒன்று சரியான இடத்தில் போய் விழுந்தது. பஸ்ஸர் நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரிதான் கத்தும். அதில் வேகம் பற்றிய செய்தி எதுவும் இல்லை. எஞ்சின் சத்தமோ வேகம் கூடக் கூடத் தானும் விரையும். காது கணக்குப் போடுவது அந்த மாற்றத்தை வைத்துத்தான். ஆகவே எனக்கு வேண்டியது சத்தம் மட்டும் இல்லை. சக்கரத்தோடு கட்டிப்போட்ட சத்தம். சக்கரம் சுற்றினால் வர வேண்டும், நின்றால் நிற்க வேண்டும், வேகமாகச் சுற்றினால் விரைய வேண்டும். இதற்கு பேட்டரியே தேவையில்லை. சின்ன வயதில் சைக்கிள் கம்பியில் அட்டையைச் செருகி மோட்டார் பைக் என்று ஓட்டாதவர்கள் யார்?

முதலில் சைக்கிளில் சோதித்தேன். சைக்கிள் சக்கரத்தில் கம்பிகள் அதிகம். அட்டை ஒன்றில் பட்டு மீள்வதற்குள் அடுத்தது வந்துவிடுவதால், கிர்ர் என்று ஒரே இழுப்பாகக் கேட்டது. ஸ்கூட்டரின் முன் சக்கரத்தில் கம்பிகளுக்குப் பதில் ஐந்து தடித்த கைகள். ஒரு சுற்றுக்கு ஐந்து தட்டு. நடக்கிற வேகத்தில் போனால் தட், தட், தட் என்று தனித்தனியாகக் கேட்கும். முழு வேகத்தில் அவை ஒன்றோடொன்று நெருங்கி, பழைய மொபெட் ஒன்று தூரத்தில் வருவது மாதிரி படபடக்கும். கணக்கிலேயே இது வேலை செய்யும் என்று தெரிந்துவிட்டது. எதை வெட்டிப் பட்டையாக வைப்பது என்பதில்தான் தகராறு.

அட்டை காலைப் பனியில் நமுத்து வளைந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை வெட்டி வைத்தேன், விறைப்பு அதிகம். ஒரு கிலோமீட்டரில் மடிந்த இடத்திலேயே முறிந்தது. தகரத்தைத் தொடவே இல்லை. சக்கரத்துக்குள் மாட்டக்கூடிய எதுவும் சக்கரத்தைவிட பலவீனமாக இருக்க வேண்டும். மாட்டினால் பட்டை கிழிய வேண்டுமே தவிர சக்கரம் நிற்கக்கூடாது. வளைய வேண்டும், உடனே நிமிர வேண்டும், நனைந்தாலும் நமுக்கக்கூடாது. இப்படி ஒரு பொருளை மூன்று நாளாகத் தேடிவிட்டு, புதன்கிழமை சாயங்காலம் சவுரியக்காவிடம் தோல்வியைச் சொல்லப் போனேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் ஜன்னலில் அது தொங்கிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே படம். வெயில் வராமலிருக்க உடைந்த கண்ணாடிக்குப் பதில் மாட்டியிருந்தார்.

அது கை உடைந்த அன்று எடுத்தது என்றும், கட்டுப் போட்ட பிறகு வேறு படம் எடுத்துவிட்டதால் டாக்டர் இனி இதைக் கேட்க மாட்டார் என்றும் சொன்னார். நான் ஓரத்தைப் பிடித்து வளைத்துவிட்டேன். டப் என்று நிமிர்ந்தது.

"இத வெட்டிக்கட்டுமாக்கா?"

"ஒடஞ்ச கைய வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன். வெட்டிக்கோ."

இரண்டு விரல் அகலத்தில் பட்டைகளாக வெட்டினோம். முன் ஃபோர்க்கில், டிஸ்க் பிரேக் இல்லாத பக்கமாக, ஒரு கிளிப்பை பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டினேன். கிளிப்பில் பட்டையைச் செருகினால் அதன் நுனி சக்கரத்தின் கைகளைத் தொடும். உருவினால் பழைய ஊமை வண்டி. தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். சவுரியக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, நான் வருவதையும், வேகம் குறைவதையும், புளியமரத்தடியில் நின்றுவிட்டதையும் சரியாகச் சொன்னார். அவருடைய மணிக்கட்டு எலும்பு என் முன் சக்கரத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

சாரிடம் காட்ட வேண்டும். காட்டுவதற்கு வண்டி பள்ளிக்குப் போக வேண்டும். வண்டி போகத்தான் தடை. அம்மாவிடம் கேட்டேன். வாசல் வரைக்கும் போகத் தடை இல்லையே, உள்ளே போனால்தானே என்றார். நான் அவர் மகள்தான் என்பதை அப்போதெல்லாம் நன்றாக உணர்வேன்.

சனிக்கிழமை சவுரியக்காவும் வருகிறேன் என்றார். ஆளை ஏற்றுவதில்லை என்று சாரிடம் நான் பெருமையாகச் சொல்லியிருந்ததால், அவர் பஸ்ஸில் வர நான் வண்டியில் போனேன். பள்ளி வாசலில் இறங்கும்போதுதான் பார்த்தேன், கையில் கவைக்கோல். பஸ்ஸில் கண்டக்டர் கம்புக்குத் தனி டிக்கெட் கேட்டாராம். ஒடிந்த கைக்குப் பாதி டிக்கெட் போடு, கம்புக்கு முழு டிக்கெட் வாங்கிக்கிறேன் என்று இவர் சொல்ல, பஸ்ஸே சிரித்திருக்கிறது.

வண்டி உள்ளே வரக்கூடாது என்பதால் சார்தான் வெளியே வர வேண்டியிருந்தது. சனிக்கிழமை ஆனதால் தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் சாருக்குச் சங்கடமாகிவிட்டது. நாற்காலி கொண்டுவரச் சொன்னார். சவுரியக்கா உட்காரவில்லை.

"வண்டிய நிறுத்தச் சொல்லி நான் சொல்லல சார். சத்தம் இல்லன்னுதான் சொன்னேன். இப்ப அந்தப் பொண்ணு சத்தம் வச்சிக்கினு வந்திருக்குது. நீங்களே நின்னு பாத்து சொல்லுங்க."

கவைக்கோலை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

என்ன செய்யப் போகிறோம் என்பதை நான் விளக்கினேன். சார் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். கீழே செடி இருப்பதாக நினைத்துப் புரட்ட வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது. நான் தெருக்கோடியிலிருந்து இரண்டு தடவை வருவேன். ஒரு தடவை பட்டை இருக்கும், ஒரு தடவை இருக்காது. எது முதலில் என்பதை வாட்ச்மேன் முடிவு செய்து எனக்கு மட்டும் சைகை காட்டுவார். வண்டி வருவதாகத் தெரிந்தால் சார் ஒதுங்க வேண்டும். ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்த சோதனை என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது அல்லவா?

சார் விழுப்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். உளுந்து புரட்டத் தெரியாதா என்று பேண்ட்டை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நன்றாகவே புரட்டினார். மாடி ஜன்னல்களில் சிறப்பு வகுப்பு முழுவதும் நின்றது.

வாட்ச்மேன் தலையை ஆட்டினார். பட்டை வேண்டாம். உருவிக்கொண்டு கிளம்பினேன். சாருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடைவெளி விட்டு, பாதி வேகத்தில்தான் கடந்தேன். அவர் என்னைப் பார்த்தது நான் அவரைத் தாண்டும்போதுதான். "ஏய்" என்று கவைக்கோலைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டினார். மாடியில் சத்தம் எழுந்து, அவர் நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

"நீங்களாவது பேண்ட் போட்டுக்கினு இருக்கீங்க சார்," என்றார் சவுரியக்கா. "நான் பொடவையில விழுந்தேன்."

சார் கம்பை எடுத்துக்கொண்டு மறுபடி சுவரைப் பார்த்து நின்றார். இந்தத் தடவை அவர் புரட்டியது மெதுவாக இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்பது முதுகிலேயே தெரிந்தது. பட்டையைச் செருகினேன். தெருக்கோடியிலிருந்து முழு வேகத்தில் கிளம்பினேன். படபடப்பு எழுந்தது. பாதித் தெருவுக்கு முன்பே சார் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டார். நான் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தேன். தட்டுகள் பிரிந்தன. அவர் சற்று நின்றார். தலையைச் சாய்த்தார். பிறகு, யாரும் சொல்லித்தராமல், திரும்ப நடுவுக்கு வந்து இன்னொரு தரம் புரட்டிவிட்டு, நான் கிட்டே வரும்போது நிதானமாக ஒதுங்கினார்.

நான் வண்டியை நிறுத்தினேன். அவர் முன் சக்கரத்தருகே குனிந்து பட்டையை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இது மாட்டிக்கிச்சின்னா?"

"பட்ட கிழிஞ்சிடும் சார், சக்கரம் நிக்காது. அதுக்காகத்தான் தகரம் வைக்கல."

"தேஞ்சி போச்சின்னா?"

"தேயும் சார். மாத்திக்கணும். எல்லா வீட்லயும் பழைய எக்ஸ்ரே ஒண்ணாவது இருக்கும்."

அவர் பட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அதில் வெள்ளையாக ஒரு எலும்பும், குறுக்கே ஒரு கீறலும் தெரிந்தன. யாருடையது என்று கேட்டார். சவுரியக்கா மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார்.

திங்கள்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில் சார் மறுபடி மைக்கைத் தட்டினார். லைசென்ஸ் தேவைப்படாத, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிகள் வரலாம். ஹெல்மெட் கட்டாயம். இன்னொருவரை ஏற்றக்கூடாது. முன் சக்கரத்தில் சத்தப் பட்டை இருக்க வேண்டும். பட்டை இல்லாத வண்டியை வாட்ச்மேன் உள்ளே விட மாட்டார். பட்டையை எப்படிப் பொருத்துவது என்று பதினொன்றாம் வகுப்பு வெண்ணிலா இடைவேளையில் செய்து காட்டுவார். கடைசி வாக்கியத்தை அவர் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் என் பையில் கத்தரிக்கோலும் ஒரு பெட்டி கிளிப்பும் இருந்தன.

முதலில் வந்து நின்றவன் பிரவீன்குமார். சவுரியக்கா விழுந்த நாளிலிருந்து அவன் வண்டியைத் தொடவில்லை. தன் தாத்தாவின் முழங்கால் எக்ஸ்ரேயைச் சுருட்டி எடுத்து வந்திருந்தான். அவன் வண்டிக்குப் பொருத்தி முடித்ததும், எங்கள் ஊர் வழியாக இனி போகலாமா என்று கேட்டான். முதலில் சவுரியக்கா வீட்டுக்குப் போ, மல்லாட்டை உரித்துக் கொடு, அப்புறம் போகலாம் என்றேன். போனான். கோழி பற்றி என்னிடம் புகார் சொன்னான்.

அம்மா டார்ச் லைட்டிலிருந்த பேட்டரியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டுவிட்டார். டி.சி. பற்றி அவர் மறுபடி பேசவில்லை. ஒரு தடவை சொன்னதை மாற்றிக்கொண்டேன் என்று அவர் சொல்கிற விதம் அது.

பங்குனி கடைசியில் சவுரியக்காவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். அந்த வாரமே சாலைக்கு வந்துவிட்டார். கனமாகப் புரட்ட முடியாது என்பதால் ஓரத்தில் சிதறுவதைக் கூட்டித் தள்ளுகிற வேலை. சிறப்பு வகுப்பு முடிந்து நான் வரும்போது வெயில் தாழ்ந்திருக்கும். கோயில் வளைவைத் தாண்டியதும் தூரத்தில் நாலைந்து முதுகுகள் தெரியும். வளைவிலேயே அவை அசையாது. இன்னும் இரண்டு புரட்டு நடக்கும். பிறகு ஒவ்வொன்றாக, யாரும் திரும்பிப் பார்க்காமல், சாலை எனக்காகத் திறந்துகொள்ளும்.

ஒரு நாள் நான் அப்படிக் கடக்கும்போது சவுரியக்கா நிமிராமலே குரல் கொடுத்தார்.

"பாப்பா, பட்ட தேஞ்சி போச்சி. நாலு தட்டுதான் நல்லா வுழுது, ஒண்ணு வழுக்கிக்கினு போவுது. நாளைக்கு மாத்திட்டு வா."

வீட்டுக்கு வந்து கிளிப்பைத் திறந்து பார்த்தேன். பட்டையின் நுனி ஒரு ஓரத்தில் மழுங்கியிருந்தது. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, காதை அருகே வைத்துக் கேட்டேன். நாலு தட்டு, ஒரு வழுக்கல். ஐந்தாவது கையில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுப் பட்டை ஒன்றை வெட்டிச் செருகினேன்.